கூப்பிட்ட குரலுக்கு வந்த கோழி: வாசகர் கேள்வி பதில்

மூன்று இதழ்களுக்கு முன்னால் ஒரு பதிலில், போகிற போக்கில், "நான் கறி சாப்பிடுவதில்லை" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இந்தப் பகுதியில் வேறு எதற்கும் வந்ததில்லை. வாழ்த்து வந்தது, வசவு வந்தது, ஒருவர் மட்டன் சுக்கா செய்முறையையே எழுதி அனுப்பியிருந்தார் (நல்ல செய்முறைதான், சோம்புதான் கொஞ்சம் அதிகம்). சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே என்று முடிவு செய்துவிட்டேன்.

கேள்வி: வயது 27, சென்னையில் வேலை. ஆறு மாதமாகக் கறி, மீன் எதையும் தொடுவதில்லை. ஆபீஸில் "என்ன, சாமியார் ஆயிட்டியா", "டயட்டா", "பொண்ணு ஐயர் வீடா" என்று தினமும் கேலி. எல்லோரும் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு காரணம் சொல்லுங்களேன்.
(வாசகர், வேளச்சேரி)

பதில்: எல்லோரும் ஒப்புக்கொள்கிற காரணம் ஒன்று இருந்திருந்தால் வள்ளுவர் சொன்ன அன்றைக்கே கறிக்கடையெல்லாம் மூடியிருக்கும். அதனால் அதைத் தேடாதீர்கள். உங்களுக்குப் போதுமான காரணம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் வாட்ஸாப்பில் சுற்றுகிற காரணங்களைக் கழித்துவிடலாம். மனிதனின் குடல் நீளம், பல் அமைப்பு, ஆகவே நாம் இயற்கையில் சைவப் பிராணி என்று ஒரு படம் வருமே, அது வேண்டாம். மனிதன் இரண்டும் தின்று செரிக்கிற பிராணிதான். கறி தின்றால் கோபம் வரும் என்பதும் வேண்டாம், எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரரை அடிக்கப் பாய்கிறவர் வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதர். உடம்புக்கு நல்லது என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் எல்லாக் கறிக்கும் ஒரே மாதிரி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல், சாசேஜ், பேக்கன் மாதிரி பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என்றே வகைப்படுத்தியது, தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்றது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி வகையறாவை 'உண்டாக்கக்கூடும்' என்ற அடுத்த படியில் வைத்தது. கோழியும் மீனும் அந்த வகைப்பாட்டில் வரவில்லை. ஆக, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாட்டுக்கோழிக் குழம்பு வைக்கிற வீட்டில் போய் இதைச் சொல்லிப் பயமுறுத்த முடியாது.

ஆரோக்கியத்தை மட்டும் நம்பிக் கறியை விட்டவர்களைப் பற்றிக் காந்தி ஒன்று சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அவர் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறவிச் சைவர் என்று நாம் நினைக்கிற அவர் சிறுவயதில் ஒரு நண்பன் பேச்சைக் கேட்டு, ஆங்கிலேயனை விரட்ட உடம்பில் பலம் வேண்டும் என்று, திருட்டுத்தனமாக ஆட்டுக்கறி தின்றவர். அன்றைக்கு ராத்திரி வயிற்றுக்குள் ஆடு கத்துகிற மாதிரி இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படியும் ஓராண்டு போல அவ்வப்போது தின்றிருக்கிறார். 1888இல் லண்டன் போகும்போது கறி தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, அங்கே வேகவைத்த காய்கறியும் ரொட்டியுமாக அரைவயிற்றோடு அலைந்திருக்கிறார். ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகம் கண்ணில் பட்டது. உள்ளே நுழைகிற இடத்தில் ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவு பற்றிய புத்தகம் விற்பனைக்கு இருக்க, ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிப் படித்தார். அதுவரை அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக விரதம், அதற்கப்புறம் தானாகத் தேர்ந்துகொண்டது.

1931இல் வட்டமேஜை மாநாட்டுக்காக மறுபடி லண்டன் போனபோது அங்கே இருந்த சைவ உணவுச் சங்கத்தில் பேசினார், அந்த சால்ட்டும் கூட்டத்தில் இருந்தார். அப்போது அவர் சொன்னதன் சாரம் இதுதான்: உடம்புக்காக மட்டும் சைவத்துக்கு மாறியவர்கள் பெரும்பாலும் திரும்பிப் போய்விட்டார்கள், நிலைத்து நிற்க அறம் சார்ந்த காரணம் ஒன்று வேண்டும். எனக்குத் தெரிந்த வட்டத்திலும் அதுதான் நடக்கிறது. கொலஸ்டிரால் ரிப்போர்ட்டைப் பார்த்து விட்டவர், அடுத்த ரிப்போர்ட் நன்றாக வந்த அன்றைக்கே பிரியாணி வாங்கிக் கொண்டாடுகிறார்.

என் காரணத்தையும் கேட்டிருக்கிறார்கள், சொல்லிவிடுகிறேன். திருமங்கலம் பக்கம் கிராமம். அம்மா ஏழெட்டு நாட்டுக்கோழி வளர்த்தார். தினமும் சாயங்காலம் நொய்யை இறைத்து "ப்பா ப்பா ப்பா" என்று கூப்பிட்டு, வந்ததும் எண்ணிப் பார்த்துப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது என் வேலை. விருந்தாளி வந்தால் ஒன்றைப் பிடித்துக் கொடுப்பதும் என் வேலைதான். கோழி லேசில் பிடிபடாது, கூரைமேல் ஏறும், வேலிக்குள் போகும். அதனால் நான் கண்டுபிடித்த வழி, அதே குரலில் கூப்பிடுவது. கையில் நொய் இல்லாமலேயே கையை மூடிக்கொண்டு "ப்பா ப்பா" என்பேன், ஓடி வரும். மாமா "கெட்டிக்காரன்டா" என்று தட்டிக்கொடுப்பார். குழம்பையும் இரண்டாவது தடவை கேட்டுத்தான் சாப்பிட்டேன், பொய் சொல்லக்கூடாது. முப்பத்தைந்து வயதில் ஒருநாள் என் மகள் மொட்டைமாடியில் புறாவுக்குக் கம்பு போட்டு அதே மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கிலிருந்து விட்டுவிட்டேன். இதை வைத்து யாரையும் நான் மாற்ற முடியாது, எனக்கு இது போதும். உங்களுடையது என்னவோ அதைச் சொல்லுங்கள், சொல்ல விருப்பமில்லை என்றால் "பிடிக்கலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறங்கள். கத்தரிக்காய் பிடிக்காதவனை யாராவது காரணம் கேட்கிறார்களா?

கேள்வி: என் 15 வயது மகள் திடீரென்று கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். பள்ளிக்குப் போகிற வழியில் லாரியில் கோழிகளைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்தாளாம். வளரும் பெண், சத்து போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. மாமியார் என்னைத் திட்டுகிறார்.
(வாசகி, கரூர்)

பதில்: அம்மா, அவள் சொன்ன காரணம் நல்ல காரணம். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். தட்டில் என்ன விழுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் "சைவம்" என்றால் பல நாள் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும்தான். அதைச் சாப்பிட்டுச் சோர்ந்து விழுந்தால் பழி சைவத்தின் மேல் விழும்.

புரதக் கணக்கு அவ்வளவு கஷ்டமில்லை. பெரியவர்களுக்குக் கிலோ எடைக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை, வளர்கிற பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. 48 கிலோ பெண் என்றால் நாளைக்கு 45 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். துவரம் பருப்பு 50 கிராம் போட்டால் 11 கிராம் அதிலேயே வந்துவிடும், ஆனால் 50 கிராம் அவள் தட்டுக்கு வர வேண்டும், சாம்பாரில் பருப்பைத் துழாவித் தேடுகிற நிலை இருந்தால் கணக்கு உதைக்கும். ஒரு கை வேர்க்கடலை 7 கிராம். பாலும் தயிருமாக 400 மில்லி என்றால் 12, 13. சாயங்காலம் சுண்டல் ஒரு கிண்ணம், அதுவும் கொண்டைக்கடலையோ மொச்சையோ தட்டைப்பயறோ மாற்றி மாற்றி. இட்லி, சோறு, சப்பாத்தியிலும் புரதம் உண்டு, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அரிசியில் குறைகிற ஒரு அமினோ அமிலம் பருப்பில் நிறைய, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது, அதனால் பொங்கலும் இட்லியும் சும்மா வந்த சேர்க்கை இல்லை.

இரும்புச்சத்துதான் பெண்பிள்ளைகளுக்கு நிஜமான கவலை. பயறு, கீரை, எள்ளில் இரும்பு இருக்கிறது, ஆனால் கறியில் இருப்பதுபோல் உடம்பு அதை லேசில் இழுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி இருந்தால் இழுக்கும். எனவே சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், சாப்பாட்டோடு நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். சாப்பிட்ட கையோடு டீ, காபி கூடாது, அது வந்த இரும்பையும் தடுத்துவிடும், ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள்.

அப்புறம் பி12. இதில் மட்டும் சமாளிப்பு வேலை வேண்டாம். செடி கொடியில் அது கிடையாது. பால், தயிர், முட்டையில் இருக்கிறது, அவள் முட்டையையும் விட்டதால் பாலும் தயிரும்தான் கதி. இட்லி மாவு புளிப்பதில் நிறைய வந்துவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள், சுருள்பாசி மாத்திரையையும் நம்பாதீர்கள், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வகை. கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, ஒன்றிரண்டு வருஷம் கழித்துச் சோர்வு, கைகால் மரத்துப்போவது, நாக்கில் புண் என்று வரும். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் பார்த்து, குறைந்திருந்தால் டாக்டர் சொல்கிற மாத்திரையைப் போட வேண்டியதுதான்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள் பேத்திக்குப் பிடித்த பயறுக்குழம்பை அவரையே வைக்கச் சொல்லுங்கள், வேலை நடக்கும்.

கேள்வி: முட்டை சைவமா, அசைவமா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
(மாணவர், நாமக்கல்)

பதில்: அசைவம்.
(நம் நாட்டுச் சட்டப்படி பாக்கெட்டில் பச்சைப் புள்ளி போட முடியாது. மற்றபடி நாமக்கல்லில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே!)

கேள்வி: புரட்டாசி மாதம் மட்டும் கறி சாப்பிடாமல் இருப்பதற்கு அறிவியல் காரணம் உண்டா? பூமியின் சூடு கிளம்பும் காலம் என்கிறார்களே?
(வாசகர், தருமபுரி)

பதில்: பெருமாளுக்கு உகந்த மாதம், அதனால் விரதம். இதற்கு மேல் காரணம் தேவைப்படாமல்தான் நம் பாட்டிமார் இருந்தார்கள். சூடு கிளம்புகிற கதையெல்லாம் சாமி பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிற காலத்தில் வந்தது. நம்பிக்கையை நம்பிக்கை என்றே சொல்லிவிட்டுப் போகலாமே.

புரட்டாசியில் எனக்குப் பிடித்தது வேறு. ஒரு மாதம் மொத்த ஊரும் கறியில்லாமல் இருக்கிறது, யாரும் சத்து போய்ச் சாகவில்லை, கோழி விலையும் முட்டை விலையும் இறங்குகிறது. கறி விடுவது ஏதோ இமயமலை ஏறுவது மாதிரி பேசுகிறவர்கள் வருஷம்தோறும் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கறிக்கடை வாசலில் நிற்கிற வரிசையைப் பார்த்தால் விரதத்தின் அருமையும் தெரியும், சுக்காவின் அருமையும் தெரியும்.

கேள்வி: செடிக்கும் உயிர் இருக்கிறதே? தவிர நான் எதையும் கொல்லவில்லை, கடையில் வாங்குகிறேன், அவ்வளவுதான்.
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு கேள்வியை ஒரே கவரில் போட்டிருக்கிறீர்கள். செடிக்கு உயிர் உண்டு, மறுக்கவில்லை, தொல்காப்பியமே புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று முதல் படியில் வைத்துத்தான் மேலே ஏறுகிறது. சமணர்கள் அந்தப் படியையும் யோசித்து, செடியைப் பிடுங்கினால்தான் கிடைக்கும் என்பதால் கிழங்கு வகைகளை விட்டார்கள். செடி மேல் உங்களுக்கு அவ்வளவு இரக்கம் என்றால் அதற்கும் வழி கோழியை விடுவதுதான், ஏனென்றால் பிராய்லர் கோழி ஒரு கிலோ ஏற ஒன்றரைக் கிலோவுக்கு மேல் மக்காச்சோளமும் சோயாவுமாகத் தின்கிறது. அந்தச் செடிகளெல்லாம் உங்கள் கணக்கில்தான் வரும்.

இரண்டாவதற்கு வள்ளுவர் புலான்மறுத்தலில் பதில் வைத்திருக்கிறார்: "தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்." தின்பதற்கென்று உலகம் கொல்லாது என்றால் விற்பதற்கென்று எவரும் கொண்டுவர மாட்டார்கள். தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் சந்தேகப்படாமலும் இருந்தால் தின்னலாம் என்று பௌத்தத்தில் ஒரு சலுகை உண்டு, உங்கள் வாதம் கிட்டத்தட்ட அதுதான். வாங்குகிறவன் இல்லாமல் கடை இல்லை என்கிற இந்த ஒன்றேமுக்கால் அடியைத் தாண்டி அந்தச் சலுகையை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் அசைவத்தை 'மச்சம்' என்போம், மற்றது 'சைவம்'. சமயத்தின் பெயர் சாப்பாட்டுக்கு எப்படி வந்தது? ஆதித் தமிழர் சைவ உணவுக்காரர்களா?
(வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: ஆதித் தமிழரா? சங்க நூலான பொருநராற்றுப்படையில் வரும் பொருநன் என்கிற கலைஞன், ராத்திரி பகலாக ஊன் தின்று, கொல்லையை உழுத கொழு மாதிரித் தன் பல் தேய்ந்துபோனது என்கிறான். கரிகாலன் வீட்டு விருந்து அது. சமணமும் பௌத்தமும் கொல்லாமையை இங்கே அழுத்திப் பேசின, பின்னால் வந்த சைவம் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டே அந்தப் பழக்கத்தைத் தனதாக்கிக்கொண்டது, கடைசியில் சாப்பாட்டுக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் வேடிக்கை, காளத்தியில் சிவனுக்குத் தான் ருசி பார்த்த இறைச்சியைப் படைத்த கண்ணப்பரும் அறுபத்துமூவரில் ஒருவர். உங்கள் ஊர் 'மச்சம்' எனக்குப் பிடித்த சொல், மீன் என்ற பொருளில் ஆரம்பித்து ஆட்டையும் கோழியையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இங்கிருந்து அங்கே வருகிற சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சம்பலைத் தொடுமுன் "மாசி போட்டதா?" என்று கேட்டுவிடுங்கள், அது கருவாடு.

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வந்து வீடு தேடுகிறேன். நான் கறி சாப்பிடுவதே இல்லை. ஆனாலும் "சைவம் மட்டும்" போர்டு போட்ட வீட்டில், சொந்த ஊர், அப்பா பெயர், குலதெய்வம் எல்லாம் கேட்டுவிட்டு இல்லை என்றுவிட்டார்கள்.
(வாசகர், குரோம்பேட்டை)

பதில்: கோபம் வருகிறது. மத்திய அரசு 2014இல் எடுத்த கணக்கில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியென்றால் அந்த போர்டு யாரைத் தேடுகிறது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. உங்கள் தட்டைப் பற்றி ஒரு கேள்விகூட அவர்கள் கேட்கவில்லை, கவனித்தீர்களா? குலதெய்வத்தைக் கேட்டார்கள். சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் போர்டில் சாம்பாரைக் கேட்கிறார்கள்.

கறியை விடுவதற்கு நான் இத்தனை பத்தி எழுதுகிறேன், ஆனால் "நான் சுத்தம்" என்பதை ஒரு காரணமாக என்னால் சேர்க்கவே முடியாது, அது காரணம் இல்லை, வேலி. வள்ளலார் கறி தின்பவர்களை உறவினத்தார் அல்லர், புறஇனத்தார் என்றே பாடியவர், அவ்வளவு கறார். அவரே அதே பாட்டில் அவர்கள் பசியைத் தீர்க்கச் சொல்கிறார். 1867இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. நான் அங்கே பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு கட்டட வேலைக்காரர், முந்தின நாள் என்ன தின்றார் என்று யாரும் கேட்கவில்லை, இலையில் சோறுதான் விழுந்தது. வேறு வீடு பாருங்கள். கிடைத்ததும் எழுதுங்கள்.

கேள்வி: சுற்றுச்சூழலுக்காக நான் சிக்கனை விட்டுவிட்டேன். இப்போது தினமும் சீஸ் சாண்ட்விச்தான். சரியா?
(மாணவி, புதுச்சேரி)

பதில்: அது பாலில் விழுந்த பல்லியை எடுத்து மோரில் விழவைத்த மாதிரி. 2018இல் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் விவரங்களைச் சேர்த்து, எந்த உணவு சுற்றுச்சூழலை எவ்வளவு கெடுக்கிறது என்று ஒரு பெரிய ஆய்வு வந்தது. மாட்டிறைச்சிதான் எல்லாவற்றிலும் மோசம், பருப்பு பட்டாணி வகை மிகக் குறைவு. ஆனால் அதே அளவு புரதத்துக்குச் சீஸால் வெளியாகிற, பூமியைச் சூடாக்கும் வாயு கோழியை விட அதிகம். மாடு அசைபோடும்போது மீத்தேன் வருகிறது, பத்து லிட்டர் பால் வற்றிச் சுமார் ஒரு கிலோ சீஸ். நம் அரிசியும் இதில் யோக்கியம் இல்லை, தண்ணீர் தேங்கிய வயலிலும் மீத்தேன்தான். சிக்கனுக்குப் பதில் பட்டாணி சுண்டலுக்கு வாருங்கள். அப்புறம் பாலைப் பற்றி நினைத்தால் காளைக்கன்று எங்கே போகிறது என்ற கேள்வியும் வரும். எனக்கும் வருகிறது, தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே அதை நினைக்கிறேன், காபியை விடவில்லை. சுட்டிக்காட்டிக் கடிதம் எழுத வேண்டாம், தெரியும்.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள், விட்ட பிறகு ஒரு தடவைகூட மீறியதில்லையா?
(வாசகர், தேனி)

பதில்: நெத்திலிக் கருவாடு வறுக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் தெருவில் என் நடை மெதுவாகும். அது மீறல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு தடவை சாப்பிட்டிருக்கிறேன். அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் ஞாபகம் போய்விட்டது. நான் கறியை விட்டது பத்து வருஷத்துக்கு முந்தைய சேதி, அது அவருக்கு இல்லவே இல்லை. ஊருக்குப் போன ஒரு மத்தியானம், தள்ளாத உடம்போடு அடுப்படியில் நின்று, கண்மாய்க் கெண்டை வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்திருந்தார். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு, நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, "முள்ளு கெடக்கும், பாத்துத் தின்னு" என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிட்டேன். இன்னொரு துண்டும் வைத்தார், அதையும் சாப்பிட்டேன். உப்புப் போட மறந்திருந்தார்.